தெறிக்காத பால்

சூப்பைக் கெட்டியாக்கச் சோள மாவு போடுவதாக இருந்தால், முதலில் அதைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். கொதிக்கிற சட்டியில் நேரடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். கல்யாணமான நாளிலிருந்து இருபத்து நான்கு வருஷமாக என் மனைவியிடம் இதைச் சொல்லி வருகிறேன். அவள் இன்றைக்கும் கொட்டத்தான் செய்கிறாள். நான் சத்தம் போடுவதில்லை. கட்டிகளைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிட்டுவிடுவேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டீர்கள், அதனால் சொன்னேன்.

நான் ஒரு மாவு ஆலையில் ஆய்வகத் தலைவன். தலைவன் என்றதும் எனக்குக் கீழே பத்துப் பேர் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தராசு, ஓர் உலர்த்தும் அடுப்பு, ஒரு கை கழுவும் தொட்டி, இவற்றுக்குத்தான் நான் தலைவன். சோளத்தை ஊறவைத்து அரைத்து, தோலையும் முளையையும் நீக்கினால் வெள்ளையாக ஒரு பால் மிஞ்சும். அதை உலர்த்தினால் மாவு. பிஸ்கட் கம்பெனி வாங்கும், மாத்திரைக் கம்பெனி வாங்கும், அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர்களும் வாங்குவார்கள். அந்தப் பாலில் நூற்றுக்கு எத்தனை பங்கு மாவு என்று அளந்து சொல்வதுதான் பத்தொன்பது வருஷமாக என் வேலை. வழக்கமாக நாற்பது இருக்கும். நாற்பதில் அது நிஜப் பாலைப் போலவே ஓடும், தெறிக்கும், சட்டையில் கறை வைக்கும்.

ஐம்பத்தைந்துக்கு ஏற்றினால் அதன் குணமே வேறு. மெதுவாக விரலை விட்டால் தேனில் இறங்குவது போல இறங்கும். அதே விரலால் ஓங்கிக் குத்தினால் சுவரில் குத்தியது போலிருக்கும். இதில் மாயம் எதுவும் இல்லை. கூட்டமான பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். "கொஞ்சம் வழி விடுங்க" என்று மெல்ல நகர்ந்தால் ஆள் ஆளாக விலகிக்கொடுப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தால் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, தோளோடு தோள் இறுகி, யாராலும் அசைய முடியாமல் போய்விடும். மாவுத் துகளும் அப்படித்தான். நடுவில் இருக்கும் தண்ணீருக்கு விலக நேரம் கொடுத்தால் துகள்கள் வழுக்கி வழிவிடும். நேரம் கொடுக்காமல் மோதினால் துகளும் துகளும் உரசி மாட்டிக்கொள்ளும். மோதிய வேகம் அடங்கியதும் பிடி தளர்ந்து, மறுபடி திரவமாகிவிடும். இதைப் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. என் மச்சினன் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை.

உங்கள் கோப்பில் அவனை 'இறந்தவர்' என்று குறித்திருக்கிறீர்கள். நான் மச்சினன் என்றே சொல்லிவிடுகிறேன், பழக்கம். என் மனைவியின் தம்பி. ஒன்பது வருஷத்துக்கு முன் நான்தான் அவனைக் கையைப் பிடித்து ஆலைக்கு அழைத்துப் போனேன். சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். ஐந்தாம் வருஷம் மேனேஜர் ஆனான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. திறமைசாலி. கதவைத் திறக்க மாட்டான், தள்ளுவான். கூட்டத்தில் பேசும்போது மேஜையை அறைவான், எங்கள் டீக் கோப்பைகள் எல்லாம் ஒருமுறை எழுந்து உட்காரும். 'யோசிக்காதே, செய்' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தான். ஆய்வகத்திலும் ஒன்று, தராசுக்கு நேர் மேலே.

வீட்டில் என்னை அத்தான் என்பான். ஆலையில் ஆமையார் என்பான். "ஆமையாரே, ரிப்போர்ட் இந்த ஜென்மத்துல வருமா?" என்று வாசலில் நின்று கேட்பான், மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். மூன்று மாதத்தில் வாயிற்காவலர்கூட, "ஆமை சார், உங்களுக்கு ஒரு பார்சல்" என்று மரியாதையாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதலாளி எதிரில் மட்டும் ஆலையிலும் நான் அத்தான்தான். அந்த நேரங்களில் அவனுக்கு நான் 'நீங்க' போடுவேன். பார்க்கிறவர்களுக்கு எங்கள் குடும்பம் ரொம்பப் பண்பானது என்று தோன்றும்.

இதற்கெல்லாம் ஒருவன் கோபித்துக்கொள்வானா? நான் கோபித்துக்கொள்ளவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்குக் காட்டுவதற்காக ஒரு கிண்ணம் நிறைய ஐம்பத்தைந்தில் கலந்து சமையலறை மேஜை மேல் வைத்திருந்தேன். இரண்டு வாரமாக என்ன சொல்லி ஆரம்பிப்பது, எதை முதலில் காட்டுவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மச்சினன் சாப்பிட வந்திருந்தான்.

"விரலை மெதுவா விடும்மா" என்றேன். விட்டாள். இறங்கியது.

"இப்ப எடு. மெதுவா."

வந்தது. அவள் விரலையே ஆச்சரியமாகப் பார்த்தாள். "சரி, இப்போ" என்று நான் அடுத்ததைத் தொடங்கினேன். அதற்குள் மச்சினன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து ஓங்கி ஒரு குத்துவிட்டான். கை அப்படியே மேலே நின்றது.

"பாத்தியா? மாமா குத்துக்கு மாவே பயந்துடுச்சு."

மகள் கைதட்டினாள். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பி, "டேய், இன்னொரு தடவ காட்டுடா" என்றாள். அவன் ஒன்பது தடவை காட்டினான். நான் எண்ணினேன். பிறகு மேஜையைத் துடைத்தேன்.

சென்ற வருஷம் அவள் கல்லூரியில் அறிவியல் படிக்க நேர்காணலுக்குப் போனாள். இந்தப் பாடத்தில் ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். "சின்ன வயசுல எங்க மாமா கிண்ணத்துல மாவு வெச்சு ஒண்ணு காட்டினாரு" என்று சொன்னாளாம். வெளியே வந்து அவளே சந்தோஷமாக என்னிடம் சொன்னாள். நான் அவளுடைய சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்தவில்லை. குழந்தைகளை எல்லாவற்றுக்கும் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

எங்கள் ஆலையில் வருஷத்துக்கு ஒருநாள் பார்வையாளர் தினம். வாடிக்கையாளர்கள் வருவார்கள், தொழிலாளர் குடும்பங்கள் வரும். பயனில்லாமல் கிடக்கும் பழைய தொட்டி ஒன்றை ஐம்பத்தைந்தில் நிரப்பி, அதன் மேல் ஒருவரை ஓடவிட்டு, பின்னாலேயே காரணத்தை விளக்கலாம் என்று நான்தான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வேகமாக அடி வைத்து ஓடினால் ஒவ்வொரு மிதிக்கும் தரை போலத் தாங்கும். நின்றால் இறங்கும். மச்சினன் முதல் பக்கத்தை மட்டும் படித்தான். ஓடுகிறவன் அவனே என்று முடிவு செய்தான். விளக்கத்தையும் அவனே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

நான்கு வருஷம் ஓடினான். நன்றாகவே ஓடினான். முடித்ததும் மைக்கைப் பிடித்து, "என் வேகத்தப் பாத்து மாவே பயப்படுது, போட்டி கம்பெனிக்காரங்க பயப்பட மாட்டாங்களா?" என்பான். கைதட்டல். மாவு பயப்படாது என்று நான் மூன்று முறை துண்டுச்சீட்டில் எழுதி அவன் மேஜையில் வைத்தேன். ஒன்றை அவனுடைய காபி டம்ளருக்கு அடியில் பார்த்தேன். வட்டமாகக் கறை பிடித்திருந்தது. ஓர் அறிவியல் உண்மை வருஷா வருஷம் நானூறு பேர் எதிரில் தப்பாகச் சொல்லப்படுகிறது. அந்த நானூறு பேரும் வீட்டுக்குப் போய் அதையே சொல்கிறார்கள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம்.

இந்த வருஷம் முதலாளி எங்களை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஓடினது போதும்ப்பா" என்றார் மச்சினனிடம். "எல்லாரும் போன்லயே பாத்துட்டாங்க. புதுசா ஏதாவது பண்ணேன்."

"நீந்திக் காட்டறேன் சார்." மச்சினன் அந்த யோசனையை அந்த நொடியில்தான் யோசித்தான் என்பது எனக்குத் தெரிந்தது. "மேல பாலத்துலேருந்து டைவ். நம்ம பால்ல இறங்கி நீந்தற அளவுக்கு நமக்கு நம்பிக்கைன்னு வெச்சுக்கலாம்."

கல்லூரியில் அவன் நீச்சல் வீரன். பதக்கங்கள் என் வீட்டுக் கூடத்தில்தான் தொங்குகின்றன. அவன் வீட்டில் சுவர் போதவில்லையாம்.

"நீ குளிச்ச பால அப்புறம் என்ன பண்றது?" என்றார் முதலாளி.

"சரக்குதான் சார் அதுவும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "லேப் என்ன சொல்லுது?"

"உலர்த்தும்போது எல்லாம் சரியாயிடும் சார்" என்றேன்.

மச்சினன் சிரித்தான். சிரித்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அத்தான், முழுகிட மாட்டேனே?" என்றான்.

"முழுக மாட்டீங்க. அது தண்ணியவிட கனம். நீங்களே நெனச்சாலும் முழுக முடியாது."

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எந்தப் பொறியாளரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். முழுகுவதைப் பற்றித்தான் அவன் கேட்டான். வேறு எதையும் கேட்கவில்லை. நான் பத்தொன்பது வருஷமாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் பழகியவன்.

டைவ் விஷயத்தை யாருக்கும் சொல்லக் கூடாது, அன்றைக்குத்தான் எல்லோரும் வாயைப் பிளக்க வேண்டும் என்றான் மச்சினன். ஆகவே முதலாளி, அவன், நான், மூன்று பேருக்குத்தான் தெரியும். நீச்சலைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாது என்று முதலாளி உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பாவம், அவருக்கு மறதி அதிகம்.

பார்வையாளர் தினம் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவனுக்கு ஒத்திகை வைத்தேன். தொட்டி பத்தடி ஆழம். முக்கால் தொட்டிக்குச் சற்றுக் குறைவாகப் பால், நாற்பது பங்கு. பால் மட்டத்திலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் இரும்புப் பாலம். அவன் கைகளை முன்னால் நீட்டி, உடம்பை அம்பு மாதிரி ஆக்கிக்கொண்டு, தலைகீழாகப் பாய்ந்தான். அழகாகத்தான் இருந்தது. பால் நாலாபுறமும் தெறித்தது, என் கண்ணாடியெல்லாம் வெள்ளை. மூன்று முறை பாய்ந்தான். மூன்றாவது முறை மேலே வந்தபோது புருவமெல்லாம் வெள்ளையாகி, சின்னப் பையனைப் போலச் சிரித்தான்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு அத்தான். அன்னைக்கும் இதே பதம்தானே?"

"அன்னைக்கும் நான்தானே பதம் பாக்கப் போறேன்" என்றேன். துண்டை நீட்டினேன்.

சனிக்கிழமை காலை பம்ப் அக்காவைப் பார்த்தேன். அந்தப் பெண்மணிக்குப் பெயர் உண்டு, ஆனால் பதினைந்து வருஷமாகப் பம்புகளைப் பார்த்துக்கொள்வதால் எல்லோருக்கும் பம்ப் அக்காதான். கணவர் இல்லை, இரண்டு பெண்கள். வேலையில் சுத்தம். தொட்டியை விளிம்பு வரை நாற்பதில் நிரப்பச் சொன்னேன். நிரம்பியதும் உள்ளே கலக்கிக்கொண்டிருக்கும் துடுப்பை நிறுத்தச் சொன்னேன்.

"வருஷா வருஷம் மாதிரியேதானே சார்?"

"வருஷா வருஷம் மாதிரியேதாம்மா."

துடுப்பு நின்றால் மாவு மெல்ல அடியில் படியும், தண்ணீர் மேலே தெளியும். ஞாயிறு விடுமுறை. அன்று நான் வீட்டில் கொசுவலைக் கதவுக்கு ஆணி அடித்தேன், மகளோடு சீட்டு விளையாடினேன். திங்கட்கிழமை காலை மேலே நின்ற தண்ணீரை அக்கா வடித்தாள். மட்டம் இறங்கி, வெள்ளிக்கிழமை இருந்த அதே அளவுக்கு வந்தது. ஒரு விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று. பிறகு துடுப்பை ஆகக் குறைந்த வேகத்தில் விடச் சொன்னேன். வேகம் கூட்டினால் ஐம்பத்தைந்தில் துடுப்பே மாட்டிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். மூன்று மணி நேரம் அது நத்தை மாதிரி சுற்றி, படிந்ததையெல்லாம் இளக்கியது. அக்கா சாப்பிடப் போன பிறகு துடுப்பை நிறுத்திவிட்டு, மேலே மெல்லிய படலமாகக் கொஞ்சம் சாதாரணப் பாலைத் தெளித்தேன். பளபளவென்று ஆனது. பார்வைக்கு வெள்ளிக்கிழமைத் தொட்டிதான்.

உங்கள் ஆய்வாளர் ஒருவர் இன்னொன்று கேட்டார். புதிதாக அளவு காட்டும் கருவி வரப்போகிறது, ஆய்வகத்தை மூடப்போகிறோம் என்று மச்சினன் அன்றைக்கு மேடையில் அறிவிக்க இருந்தானாமே, அதனால் எனக்கு வருத்தம் இருந்ததா என்று. அந்தத் தாள் அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் நீச்சல் உடைக்கு மாறியபோது சட்டையை என்னிடம்தான் கொடுத்தான். படித்தேன். 'நமது அன்புக்குரிய ஆமையாருக்கு நிரந்தர ஓய்வு' என்று ஒரு வரி. எழுத்துப்பிழை இரண்டு. ஆனால் அதை நான் படித்தது திங்கட்கிழமை பிற்பகல். துடுப்பை நிறுத்தியது சனிக்கிழமை. ஆகவே அது காரணமாக இருக்கவே முடியாது. தேதிகளைப் பார்த்தாலே தெரியும்.

கூட்டம் வந்தது. வாடிக்கையாளர்கள் தலைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். சுத்தத்துக்காக அந்த உறை. அவர்கள் எதிரில் தலையில் ஒன்றும் போடாத ஒருவன் அரைக்கால் சட்டையோடு அவர்கள் வாங்கப்போகும் சரக்கில் குதிக்க நின்றான், யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வரிசையில் என் மனைவியும் மகளும். மனைவி தம்பியைப் பார்த்துக் கையசைத்தாள்.

பாலத்துக்கு ஏறும் படியடியில் அவன் என்னிடம் குனிந்து கேட்டான். "எல்லாம் அதே மாதிரிதானே அத்தான்?"

"அதே மாதிரிதான்" என்றேன்.

ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பதில் கொஞ்சம் தெளிவில்லாதது. எதைப் போல என்று அவனும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் கேட்டிருப்பான்.

மைக்கில் ஏதோ பேசினான். பயம், வேகம், போட்டி. பிறகு பாய்ந்தான்.

தெறிக்கவே இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து எண்பது கிலோ ஆள் விழுந்தும், மேலே தெளித்த படலம் மட்டும் மூடுபனி மாதிரி கொஞ்சம் எழுந்தது. ஒரு மூட்டையைச் சிமெண்டுத் தரையில் போட்டது போல ஒரு சத்தம். உள்ளே இன்னொரு சின்னச் சத்தமும் இருந்தது. அது கழுத்து என்று மருத்துவர் பிறகு சொன்னார். அவன் ஒரு கணம் அந்த வெள்ளைத் தரையின் மேல் கிடந்தான், சாப்பாட்டு மேஜையில் கவிழ்ந்து தூங்குகிறவனைப் போல.

கூட்டம் கைதட்டியது. நான்கு வருஷமாக மாவு கெட்டியாவதைப் பார்த்துக் கைதட்டிப் பழகியவர்கள். இந்த முறை மேலேயிருந்து விழுந்தும் கெட்டியாகிவிட்டதே என்று கூடுதலாகத் தட்டினார்கள். முதலாளி எழுந்து நின்று தட்டினார். கைதட்டல் நிற்க எத்தனை நேரமானது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பதினெட்டு நொடி.

பிறகு மாவு தன் இயல்புக்குத் திரும்பியது. அவன் மெதுவாக இறங்க ஆரம்பித்தான். கைகள் முழங்கை வரை, முகம் காது வரை. நான் சொன்னது போலவே, முழுகவில்லை. முகம் மட்டும்தான் உள்ளே. ஒரு கையின் விரல்கள் அசைந்தன. மருத்துவரின் அறிக்கையிலும் இருக்கிறது: விழுந்தவுடன் உயிர் போகவில்லை, மூச்சு அடைத்துத்தான்.

அப்புறம்தான் எல்லோரும் ஓடினார்கள். ஏணி போட்டு இரண்டு பேர் இறங்கி, அவன் தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். மாவு பிடித்துக்கொண்டது. இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அது கல் மாதிரி இறுகியது, விட்டதும் இளகியது, மறுபடி இழுத்ததும் இறுகியது. இழுத்தவர்கள் காலும் மாட்டிக்கொண்டது. என் மனைவி அலறினாள்.

அந்த இடத்தில் மெதுவாக இழுக்க வேண்டும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஒரே மூச்சா இழுங்கப்பா, வேகமா" என்றேன். நான்கு தடவை சொன்னேன் என்று சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து தடவை.

விரல்கள் நின்ற பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கரை நிமிஷம். அதற்குப் பிறகு ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன், காலுறைகளைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தேன், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்தேன். ஏணியில் இறங்கி, மற்றவர்களை ஒதுங்கச் சொன்னேன். அவன் தாடைக்கு அடியில் உள்ளங்கையை மெல்லக் கொடுத்து, மெல்லத் திருப்பினேன். உறையிலிருந்து கடிதத்தை எடுப்பது போல வந்துவிட்டான். ஒரு கையால். நானூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் வேறு அணைக்கப்படாமல் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால் நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இழுக்கக் கூடாது. நேரம் குடுத்தா துகள் தானா விலகிடும். இது பயம் இல்ல, உராய்வு."

அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் வேறு எந்த நேரத்தில் அத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அடுத்த நாள் செய்தித்தாளில், துணிந்து தொட்டியில் இறங்கிய உறவினர் என்று என்னைப் பற்றி நாலு வரி வந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தாங்க இறங்கி அவன வெளிய எடுத்தீங்க" என்று அழுதாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கையைப் பிடித்தது இல்லை. நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியது, அது நிஜம்.

மகள் அழவில்லை. மூன்றாம் நாள் நான் ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, மெதுவா எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியும்ல. ஏன் முதல்லயே எறங்கல?"

"கயிறு முடிச்சு விழுந்துடுச்சும்மா" என்றேன்.

அவள் என் ஷூவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இப்போது விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாளாம். நேற்று பாடத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள் என்று மனைவி சொன்னாள். வரலாறோ என்னவோ. வருத்தமாக இருந்தது. அவளுக்கு இதில் நல்ல மூளை.

நான் ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். பம்ப் அக்காவை இரண்டு நாள் இங்கே உட்காரவைத்து விசாரித்தீர்கள். அந்தம்மா கைதான் வால்வைத் திருப்பியது என்பதால். இரண்டு பெண்களை வைத்திருக்கிறவள், அவள் மேல் பழி விழக் கூடாது, அதற்காகத்தான் இவர் தானாக முன்வந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது பொருத்தமாக இருக்கும். நான் மனசாட்சி உள்ளவன்.

அவளைத்தான் விட்டாயிற்றே என்கிறீர்களா? தெரியும், உங்கள் எழுத்தர் வாசலிலேயே சொன்னார். "அந்தம்மாவ நேத்தே வீட்டுக்கு அனுப்பியாச்சு சார். யார் மேலயும் தப்பில்ல, விபத்துன்னு கோப்ப மூடறோம். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிடலாம்" என்றார். நல்ல மனிதர். பேனாகூட அவருடையதையே கொடுத்தார். ஆமாம், நான் செய்தேன். நாற்பதில் அவனைப் பழக்கி, ஐம்பத்தைந்தரையில் குதிக்கவைத்தேன், மூச்சு நிற்கும் வரை மற்றவர்களை இழுக்கவைத்தேன். கையெழுத்துப் போட்டிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'கலவை தற்செயலாகக் கெட்டியாகிவிட்டபடியால்.' தற்செயலாக. மூன்று முறை அளந்து பார்த்து வைத்த கலவை சார் அது. அதன் கீழே நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன், நீங்களே சொல்லுங்கள்.